முகத்தில் தொங்கும் அரைக் கிலோ

2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் ஆப்பிள் கடைகளில் விஷன் புரோ ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. விலை 3,499 டாலர். அஞ்சல்தலை அளவே உள்ள இரண்டு திரைகள். அவற்றில் மொத்தம் 2.3 கோடி பிக்ஸல்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு 4கே தொலைக்காட்சியில் இருப்பதைவிட அதிகமான புள்ளிகள். போட்டுப் பார்த்தவர்கள் படத்தின் தெளிவைக் கண்டு அசந்துபோனார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு செய்தி வந்தது. வாங்கியவர்களில் சிலர், பதினான்கு நாள் கெடு முடிவதற்குள் பெட்டியோடு கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள்: தலைவலி, கண் சோர்வு, முகத்தை அழுத்தும் பாரம்.

புதிய விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் வாங்க விரும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பிக்ஸல் கணக்கைத்தான். விளம்பரங்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகின்றன. அணிய வசதியாக இருக்குமா என்பதைக் கடைசியில், ஒரு வரியில், மெத்தையின் மென்மையைப் பற்றிப் பேசி முடித்துவிடுகின்றன. வசதி வேறு, படத்தின் தரம் வேறு என்ற எண்ணம் அப்படித்தான் வளர்கிறது. கருவியை முகத்தில் மாட்டிப் பத்து நிமிடம் ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது தெரிந்துவிடும்.

தலைச்சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சும்மாட்டின்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்து நெடுந்தூரம் நடக்கலாம். பாரம் உச்சந்தலை வழியே நேராக முதுகெலும்புக்கு இறங்கிவிடுகிறது. அதே தலைக்கு முன்னால், மூக்கிலிருந்து நாலு விரல்கடை தள்ளி அரைக் கிலோவைத் தொங்கவிட்டால் பிடரி இறுகத் தொடங்குகிறது. முன்னால் சாயப் பார்க்கும் தலையைப் பின்கழுத்துத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பட்டையை இறுக்கினால் கன்னத்திலும் நெற்றியிலும் அச்சு விழும். தளர்த்தினால் கருவி மூக்கை நோக்கிச் சரியும். கொஞ்சம் சரிந்தாலும் கண்மணி லென்ஸின் நடுவிலிருந்து விலகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படமும் மங்கிப்போகும்.

இந்தச் சிக்கல் விஆர் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1968-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய முதல் கருவி, கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கையோடு இணைக்கப்பட்டிருந்தது. 1995-இல் நின்டென்டோ வெளியிட்ட வர்ச்சுவல் பாய், மேசைமேல் இரண்டு கால் தாங்கியில் நின்றது. ஆடுபவர்தான் குனிந்து முகத்தை அதில் வைக்க வேண்டும். படம் முழுக்கச் சிவப்பு நிறம் மட்டுமே. ஓராண்டுக்குள் அதன் கதை முடிந்தது.

இப்போதைய கருவிகளின் எடையைப் பார்ப்போம். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் 515 கிராம். சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஏறத்தாழ 560. சாம்சங் 2025 அக்டோபரில் கொண்டுவந்த கேலக்ஸி எக்ஸ்ஆர் 545. முதல் விஷன் புரோ 600 முதல் 650 கிராம் வரை. இதில் 353 கிராம் பேட்டரி சேரவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், முகத்துக்கும் பைக்கும் நடுவே ஒரு கம்பி ஓடும்.

ஆனால் தராசில் வைத்துப் பார்த்த எடை முழு உண்மையைச் சொல்வதில்லை. 560 கிராம் உள்ள சோனியின் கருவி, நெற்றியைச் சுற்றி ஒரு வளையமாக உட்கார்கிறது. பின்னால் உள்ள திருகு பின்தலையின் அடியில் பிடித்துக்கொள்கிறது. திரைப்பகுதி கன்னத்தை அழுத்தாமல் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. குவெஸ்ட் 3 அதைவிட 45 கிராம் குறைவு. ஆனால் அதோடு வரும் துணிப்பட்டை மெலிதானது. பாரம் முகத்தில்தான் இறங்குகிறது. அதனால்தான் குவெஸ்ட் வாங்கியவர்களில் பலர், பின்பக்கம் பேட்டரி வைத்த கெட்டியான பட்டையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். மொத்த எடை கூடுகிறது, கழுத்து வலி குறைகிறது.

ஏற்றத்தில் நீர் இறைத்த காலத்துக் கணக்கு இது: ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கத்துப் பாரத்தால் தாங்குவது. ஆப்பிளும் கடைசியில் இந்த வழிக்கே வந்தது. 2025 அக்டோபரில் எம்5 சிப்புடன் வந்த விஷன் புரோவில், பின்தலையைச் சுற்றும் பட்டைக்குள் டங்ஸ்டன் உலோகத் துண்டுகளை வைத்துப் பின்னியிருக்கிறார்கள். கருவியின் எடை 750 முதல் 800 கிராம் வரை ஏறியது. அணிந்து பார்த்த விமர்சகர்களோ பழையதைவிட இது தேவலை என்றே எழுதினார்கள். வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் இதே சிந்தனையில் தொடங்கியது. மொத்தம் 440 கிராமில், கண்முன் நிற்கும் மையப்பகுதி 185 கிராம் மட்டுமே. பேட்டரி பின்தலையில்.

எடையையே நேரடியாகக் குறைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பிக்ஸ்கிரீன் நிறுவனம் 2023-இல் பியாண்ட் என்ற ஹெட்செட்டை 127 கிராமில் செய்தது. வாங்குபவர் தன் முகத்தை ஐபோனில் ஸ்கேன் செய்து அனுப்பினால், அந்த ஒரு முகத்துக்கென்றே மெத்தை வார்த்து அனுப்புவார்கள். தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போலத்தான். 2025-இல் வந்த பியாண்ட் 2 இன்னும் இளைத்து 107 கிராம் ஆனது. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்துகூட ஏறத்தாழ 156 கிராமுக்குக் குறையாது. ஆனால் பியாண்டுக்குள் கணினி இல்லை, பேட்டரி இல்லை. பியாண்ட் 2 வந்தபோது விலை 1,019 டாலர். அதற்குமேல் வலுவான கணினி, அறையில் பொருத்தும் கண்காணிப்புப் பெட்டிகள், கைப்பிடிகள் எல்லாம் தனி. விமானம் ஓட்டும் பயிற்சி, கார்ப் பந்தய விளையாட்டு என்று மணிக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்காருபவர்களுக்கு இதற்கு இணை இல்லை. மற்றவர்களுக்குச் செலவு தாங்காது.

இனிப் படத்துக்கு வருவோம்.

2013-இல் ஆர்வலர்கள் கைக்கு வந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் முதல் சோதனைக் கருவியில் ஒரு கண்ணுக்கு 640-க்கு 800 பிக்ஸல்கள்தான். கொசுவலைக்குள் இருந்து உலகத்தைப் பார்ப்பது போல, புள்ளிகளுக்கு நடுவே உள்ள கறுப்புக் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன. கைபேசியில் கூர்மையாகத் தெரியும் திரை இங்கே ஏன் சல்லடையாகிறது? பார்வையின் ஒரு சிறு பகுதியில் அடங்கும் திரையை, லென்ஸ் இங்கே கண்ணுக்கு முன் நூறு பாகைக்கு விரித்துக் காட்டுகிறது. ஆகவே மொத்தப் பிக்ஸலைவிட, ஒரு பாகைக்கு எத்தனை பிக்ஸல் என்பதே சரியான அளவுகோல். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. நல்ல கண்ணுக்கு அந்த அகலத்தில் சுமார் 60 பிக்ஸல் இருந்தால்தான் புள்ளி தெரியாது. மெட்டாவின் முந்தைய குவெஸ்ட் 2-இல் அது 20. குவெஸ்ட் 3-இல் 25. விஷன் புரோவில் ஏறத்தாழ 34. பின்லாந்தின் வார்யோ நிறுவனம் தொழிற்கூடங்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் செய்யும் எக்ஸ்ஆர்-4 கருவியில் 51. 2.3 கோடி பிக்ஸலும் கண்ணின் திறனில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கின்றன, அவ்வளவே.

திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் லென்ஸ் இருக்கிறது. தரத்தை அதிகம் தீர்மானிப்பது அதுதான் என்று துணிந்து சொல்லலாம். பழைய கருவிகளில் இருந்தது ஃபிரெனல் லென்ஸ். பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனல் கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்து, 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தியது இதன் மூதாதை. தடித்த கண்ணாடியை வட்ட வட்ட வரம்புகளாகச் சீவி மெலிதாக்கும் முறை. கப்பலுக்கு வழிகாட்டப் போதும். கண்ணுக்கு வெகு அருகில் வைக்கும்போது அந்த வரம்புகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதிலிருந்து ஒளிக்கீற்றுகள் கிளம்பும். நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே கூர்மை. ஓரத்தைப் பார்க்கக் கண்ணை உருட்டினால் மங்கல், தலையையே திருப்ப வேண்டும்.

புதிய கருவிகளில் பெரும்பாலானவை பான்கேக் லென்ஸுக்கு மாறிவிட்டன. ஒளியை லென்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் மடித்து அனுப்பும் ஏற்பாடு இது. கருவியின் மூக்கு நீளம் குறைகிறது, கழுத்துக்கும் நிம்மதி. ஓரம்வரை எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஹெட்செட் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் உடனே கெடுவதில்லை. குறை ஒன்று: பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்பும் உள்கண்ணாடியில் ஒளி இருமுறை பாதியாவதால், திரை தரும் வெளிச்சத்தில் கால்பங்குக்குமேல் கண்ணுக்கு வந்து சேராது.

இந்த வேறுபாட்டை ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளில் கண்ணாரக் காணலாம். குவெஸ்ட் 3 வந்தபோது விலை 499.99 டாலர், 2024-இல் வந்த குவெஸ்ட் 3எஸ் 299.99. இரண்டிலும் ஒரே சிப். எடையில் ஒரு கிராம்தான் வித்தியாசம். மலிவான 3எஸ்-இல் இருப்பது ஃபிரெனல் லென்ஸும் குவெஸ்ட் 2 காலத்துத் திரை அளவும். விளையாடவும் உடற்பயிற்சி செய்யவும் மட்டும் என்றால் 3எஸ் போதும். படம் பார்க்க, எழுத்து படிக்க என்றால் குவெஸ்ட் 3-க்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண் போகாது.

கறுப்பு நிறத்துக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. இரண்டிலும் எல்சிடி திரை. இரவுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரியும். ஓஎல்இடி திரையுள்ள சோனியில் இருட்டு இருட்டாகவே இருக்கிறது, ஆனால் பழைய ஃபிரெனல் லென்ஸ். விஷன் புரோ, கேலக்ஸி எக்ஸ்ஆர், பியாண்ட் ஆகியவற்றில் மைக்ரோ ஓஎல்இடியும் பான்கேக்கும் சேர்ந்திருக்கின்றன. 1,799 டாலர் விலையில் அறிமுகமாகி ஒரு கண்ணுக்கு 3552-க்கு 3840 பிக்ஸல் தரும் கேலக்ஸி, ஆப்பிளின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கு அதே தளத்தில் நிற்கிறது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும்போது இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பி.டி. என்று குறிப்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் பத்து மில்லிமீட்டர்கூட மாறும். பெண்களுக்குப் பொதுவாகக் குறைவு. லென்ஸ்களின் இடைவெளி இந்தத் தூரத்தோடு பொருந்த வேண்டும். குவெஸ்ட் 3எஸ்-இல் இதற்கு 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3-இல் 58 முதல் 71 வரை ஒரு சக்கரத்தைத் திருகி நிறுத்தலாம். விஷன் புரோவில் மோட்டாரே லென்ஸை நகர்த்திவிடுகிறது. சிறிய விஷயமாகத் தோன்றும், இல்லை. விஆர் பெண்களுக்கு அதிகம் தலைசுற்றல் தருகிறது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணம் பெண்ணுடல் அல்ல, அவர்கள் கண்களுக்கு எட்டாத லென்ஸ் இடைவெளிதான் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வாளர் கே ஸ்டானியின் குழு எழுதியது. கருவியின் குறையை உடலின் குறையாக இத்தனை காலம் சொல்லிவந்தது அநியாயம்.

கண் சோர்வில் ஒரு பகுதிக்கு இன்னும் மருந்தில்லை. கிட்டத்தில் வரும் பொருளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் குவியம் எப்போதும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.  கண்களின் திருப்பம் மூளைக்கு ஒரு தூரத்தைச் சொல்கிறது, குவியம் இன்னொரு தூரத்தைச் சொல்கிறது. இங்கே பேசப்பட்ட எந்த ஹெட்செட்டும் இதைத் தீர்க்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் பி.டி. எண்ணைத் தெரிந்துகொண்டு போகட்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதையும் கொண்டுபோகட்டும்; குவெஸ்ட் 3-க்குள் பலருடைய கண்ணாடி அடங்கும், விஷன் புரோவுக்கும் பியாண்டுக்கும் பவர் லென்ஸைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஐந்து நிமிடம் சுறாமீன் காட்டி அனுப்பும் செயல்விளக்கத்தில் எதுவும் தெரியாது. நண்பர் வீட்டிலோ கடையிலோ அரை மணி நேரம் தொடர்ந்து அணிந்து, ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படித்து, கழற்றியபின் கழுத்தையும் நெற்றியையும் தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்கு என்றால் வயது வரம்பைக் கவனியுங்கள்: மெட்டாவுக்கு 10, சோனிக்கு 12, ஆப்பிளுக்கு 13. வீட்டுக்கு வந்தபின் லென்ஸ் பக்கம் வெயில் படும்படி ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடியாகி, சில நொடிகளில் திரையைப் பொசுக்கிவிடும். அந்தக் கறை பிறகு போகாது.