வாடகைக் கட்டுப்பாடும் மும்பையின் பழைய கட்டடங்களும்

நகரில் நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போக, அதன்மீது நிற்கும் கட்டடம் மட்டும் பாழடைவது ஏன்? மும்பைத் தீவு நகரின் அனுபவம் இவ்வினாவிற்கு விடையளிக்கிறது.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. வீட்டுப் பஞ்சக் காலத்தில் குடியிருப்போரைக் காத்த ஏற்பாடு இது. எனினும், பின்னர் விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும் வாடகை உயரவில்லை. பழுதுபார்க்கும் செலவுக்கே அது போதாமையால் உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டனர். குடியிருப்பு உரிமையோ 'பகடி' எனப்படும் பெருந்தொகைக்குக் கைமாறியது. அதாவது, நிலத்தின் உண்மை மதிப்பு வாடகையில் தோன்றாமல் மறைமுகமாக வெளிப்பட்டது.

கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேரவே, 1969இல் சட்டம் இயற்றி, செஸ் வரி விதித்து, பழுதுபார்ப்பு வாரியம் நிறுவப்பட்டது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் கூடுதல் தளப்பரப்புக்கு இடமளித்தன. பழைய குடியிருப்போருக்குப் புதிய கட்டடத்தில் இலவசமாக வீடு அளித்து, எஞ்சியவற்றைச் சந்தையில் விற்றுச் செலவை ஈடுசெய்வதே இதன் அடிப்படை. ஆகவே, விற்பனை விலை மிகுந்த இடங்களுக்கே கட்டுமான நிறுவனங்கள் முன்வரும். சிறிய மனைகளும் ஆதாயம் குறைந்த பகுதிகளும் காத்திருக்கும். கூடுதல் தளங்களின் சுமையைக் குடிநீரும் சாக்கடையும் சாலையும் தாங்கவேண்டும்.

காலத்திற்கு ஒவ்வாத வாடகை முடக்கம் நியாயமற்றது என 1997இல் உச்ச நீதிமன்றம் கருதியது. 1999ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. ஆயினும் அடிப்படை வாடகையே மிகக் குறைவு.

ஏழைக் குடியிருப்போரைக் காப்பது சமுதாயத்தின் கடமை. அதன் செலவைக் கட்டடத்தின்மீதே சுமத்தினால், காக்கப்பட வேண்டியவர்களின் தலைமீதே கூரை சரியும்.