டயர் சென்சர்: மஞ்சள் விளக்கை மூடிவிட்டு ஓடலாமா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் கந்தளாய், ஹபரணை வழியைத்தான் பிடிக்கிறார்கள். யானைகள் குறுக்கிடும் அந்தக் காட்டு வீதியில் இரவு நேரம் டயர் போனால், இறங்கி ஜக் வைப்பதே ஆபத்து. அப்படியிருந்தும், டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் டயர் விளக்கை "அது சும்மா எரியுது" என்று விட்டுவிடுகிறோம். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிய காரையும் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான கார்களில் அந்த விளக்குக்கு இரண்டு அர்த்தம் உண்டு. விடாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடமளவு மினுங்கி, பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு சென்சர் அமைப்பில்.

சில கார்களில் டயருக்குள் சென்சரே கிடையாது. சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே கார் கணக்கிடும். அவற்றில் காற்றைச் சரியாக அடித்து ரீசெட் செய்தால் போதும். மற்றவற்றில் வால்வின் உட்பக்கம் சென்சர் இருக்கும். அதன் பற்றரி ஐந்து முதல் பத்து வருடம் உழைக்கும். பெரும்பாலும் பற்றரியை மட்டும் மாற்ற முடியாது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே நம் வீதிகளில் ஓடும் பல கார்களின் சென்சர்கள் ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கின்றன.

துறைமுகப் பக்கம் இன்னொரு எதிரியும் உண்டு: உப்புக்காற்று. சென்சரின் அலுமினியத் தண்டில் சாதாரண பித்தளை வால்வு ஊசியைப் போட்டால், இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது தண்டே முறியும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்டிக் மூடியும் கேட்டு வாங்குங்கள். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். உள்ளே சென்சர் இருப்பதை டயர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்குமுன் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான கார்கள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பியக் கார்கள் 433. மாறி வாங்கினால் காருக்குக் கேட்காது. ஒவ்வொரு சென்சருக்கும் தனி இலக்கம் இருப்பதால், புதியதைக் காரில் பதிவு செய்ய வேண்டும். சில கார்கள் சிறிது தூரம் ஓடினால் தாமாகவே அறியும். சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. பழைய சென்சரை எறியாதீர்கள். அதன் இலக்கத்தை புரோகிராம் செய்யக்கூடிய புதிய சென்சரில் பிரதி எடுத்தால் பதிவு வேலையே மிச்சம்.

ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து அமெரிக்காவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே, 2000ஆம் ஆண்டு இதற்கான சட்டம் அங்கு வந்தது. ஆனால் அச்சட்டப்படி காற்று 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை அது மௌனமாக இருக்கலாம். எனவே சென்சரை மாற்றினாலும், மாதம் ஒருமுறை காலையில் டயர் சூடாகுமுன் கேஜ் வைத்துப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் சாரதி கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். கந்தளாய் தாண்டிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை.