பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்களா? அக்ரிமென்ட்டில் இந்த 2 தேதிகளை முதல்ல பாருங்க!

வீடு பிடிச்சுப் போச்சு, விலையும் பேசி முடிச்சாச்சு. அடுத்து அட்வான்ஸ், விற்பனை ஒப்பந்தம். பலரும் அதில் தொகையை மட்டும்தான் சரிபார்க்கிறார்கள். ஆனால், சிக்கல் வந்தால் அந்த அட்வான்ஸைக் காப்பாற்றுவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கெடு தேதிகள்தான்.

சுவர் விரிசலை யார் கண்டுபிடிக்கணும்?

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் வாங்குபவருக்குத் தெரியவராத முக்கியக் குறைகளை, தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். பார்த்தாலே தெரியும் விரிசல், நீர்க்கசிவு எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. புது அடுக்குமாடி வீடு என்றால், கட்டுமானக் குறைகளை 5 ஆண்டுகள் வரை கட்டுநர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது ரெரா சட்டம். பல வருஷப் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

என்ன எழுதணும்?

ஆய்வுக்கு இத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் ஒப்பந்தத்தில் 2 கெடு தனித்தனியாக இருப்பது நல்லது.

1. ஆய்வுக் கெடு: பொறியாளர் வீட்டைப் பார்க்கவும், வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதியைச் சரிபார்க்கவும் தேவையான நாட்கள். ஆவண நகல்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கணக்கிடும்படி எழுதுங்க. குறை தெரிந்தால் விலகலாமா, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் இருக்கணும்.

2. கிரயக் கெடு: மீதிப் பணம் கொடுத்துப் பத்திரம் பதிய வேண்டிய கடைசி நாள்.

கெடு தாண்டினால்?

'கோர்ட்டுக்குப் போக 3 வருஷம் இருக்கே' என்று அலட்சியமா இருக்கக் கூடாது. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978-ல் ஒப்பந்தம் போட்டு, 6 மாதக் கெடு வைத்தார்கள். வாங்குபவர் சுமார் இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு வழக்குக்குப் போனார். 3 ஆண்டு வரம்புக்குள் வந்திருந்தும், வீட்டை அவருக்குக் கிரயம் செய்துதர உத்தரவிட முடியாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

பொறியாளர் வரத் தாமதமா? வங்கிக் கடன் இழுக்குதா? கெடு முடியும் முன்பே நீட்டிப்பை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்க. 'பார்த்துக்கலாம்' என்ற வாய்ப்பேச்சை நம்பாதீங்க. முக்கியமா, தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம்.