பானையின் அடியில்

பாரசீக உணவு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. பிரியாணி, சமோசா என்னும் பெயர்களே பாரசீக மொழி வழியாக வந்தவைதாம். நம் காரைக்காலைப் போலவே ஈரானின் காஸ்பியன் கடற்கரையும் நெல் விளையும் பூமி. அங்கே அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடிப்பர். பானையில் நெய்யோ எண்ணெயோ ஊற்றி, சோற்றைக் குவித்து, துணி சுற்றிய மூடியிட்டு, சிறுதீயில் புழுங்க விடுவர். துணி நீராவியை உறிஞ்சும். அடிச்சோறு பொன்னிறமாக முறுகும். அதன் பெயர் ‘தஹ்திக்’. ‘பானையடி’ என்று பொருள். விருந்தினருக்கு விரும்பிப் படைக்கும் பண்டம் அது.

எங்கள் வீட்டிலும் சோறு அடிப்பிடிப்பதுண்டு. நல்ல சோற்றை எங்களுக்கு இட்டுவிட்டு, அதைச் சுரண்டி உண்பவர் அம்மா. தஹ்திக்கைப் பற்றிப் படித்த பிறகுதான் அம்மாவின் தட்டை உற்றுப் பார்த்தேன், நண்பர்களே!