ஐஎஸ்ஓ கோப்பை வட்டில் எழுதுவது எப்படி?

கணினி திடீர்னு படுத்துவிட்டால் கைகொடுப்பது நிறுவல் வட்டுதான். உபுண்டு போன்ற இயங்குதளத்தை ஐஎஸ்ஓ கோப்பாக இலவசமாகவே பதிவிறக்கலாம். ஆனால், பலர் அந்தக் கோப்பை அப்படியே வட்டில் காப்பி பண்ணிவிடுகிறார்கள். அந்த வட்டைப் போட்டால் கணினி தொடங்காது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் நகல். அதை வட்டாகவே எழுத வேண்டும்.

1. கோப்பு 700 எம்பிக்குள் இருந்தால் சிடி போதும். அதைத் தாண்டி 4.7 ஜிபிக்குள் இருந்தால் டிவிடி எடுங்கள்.

2. விண்டோஸ் 7இல் கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள்.

3. முடிந்ததும் வட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால் தவறு; பல கோப்புறைகள் தெரிந்தால் சரி.

4. வட்டை உள்ளே வைத்தபடி கணினியை மறுபடி தொடங்குங்கள். பழைய இயங்குதளமே வந்தால், பயாஸில் டிவிடி டிரைவை முதலிடத்துக்கு மாற்றுங்கள்.

முக்கியமான ஒன்று: நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகலாம். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், மாணவர் இடுபணி எல்லாவற்றையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இயங்குதளத்தை மறுபடியும் போடலாம். அவற்றை அப்படிப் போட முடியாது.