பல்லுக் காய்ச்சல் என்றொரு காய்ச்சல் இல்லை

குழந்தையின் முரசில் முதற்பல் வெள்ளையாய்த் தெரிந்துவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கத்து வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் பார்ப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசை மாதிரிச் செருகி அவித்தெடுப்பார்கள். குழந்தையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத்துணி பிடித்து, கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, நகை என்று வைத்து, பிள்ளை எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் விட்டுப்போகாத அழகான வழக்கம் இது. ஆனால் அந்த நாளுக்கு முந்திய வாரங்கள் அவ்வளவு இனிமையானவை அல்ல. முரசு தடித்து, வீணி வடிந்து, இரவிரவாகப் பிள்ளை சிணுங்கும். அந்த வாரங்களில் பல வீடுகளில் இரண்டு பிழைகள் சேர்ந்து நடக்கின்றன. முரசுக்குத் தேவைக்கு மேல் மருந்து போகிறது. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கிடைக்கவேண்டிய கவனம், ‘பல்லு வருகுது, அதுதான்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. முதற்பிழை சில வேளை ஆபத்தானது. இரண்டாவது பிழை உயிரையே எடுக்கக்கூடியது.

பல் முளைப்பது உடலில் என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் நாள் தவறாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் குறித்துவைத்த விபரங்கள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. பல் வெளிவருவதற்கு முந்திய நான்கு நாள், வெளிவரும் நாள், பிந்திய மூன்று நாள் ஆகிய எட்டு நாட்களில் கடித்தல், வீணி வடிதல், முரசைத் தேய்த்தல், சிணுங்குதல், காதைத் தடவுதல், திண்ம உணவில் நாட்டக்குறைவு ஆகியன கூடியிருந்தன. உடல் சற்றே சூடாகியதும் உண்டு. கடும் காய்ச்சலுக்கும் பல்லுக்கும் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டில் மெல்பேர்ணில் 21 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்விலும் பல் முளைத்த நாட்களில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கூடவில்லை. 2011இல் வெளியான பிரேசில் ஆய்வில் 47 குழந்தைகளின் வீடுகளுக்கு எட்டு மாதம் நாள்தோறும் சென்று உடல்வெப்பத்தை அளந்தார்கள். பல் வெளிவந்த நாளில் வெப்பம் கொஞ்சம் ஏறியது. காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு ஏறவில்லை.

‘ஆராய்ச்சி என்னவும் சொல்லட்டும், என்ரை பிள்ளைக்கு ஒவ்வொரு பல்லுக்கும் வயித்தாலை போனது’ என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை; அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது பாற்பற்களும் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி இரண்டரை வயதளவில் முளைத்து முடிகின்றன. பல்லுக்கு எட்டு நாள் என்றால் 160 நாள். சோடியாக முளைப்பவற்றைக் கழித்தாலும், முரசு வீங்கிக் கிடக்கும் வாரங்களையும் வீட்டார் சேர்த்தே எண்ணுவதால், இந்த இரண்டு ஆண்டுகளில் எந்த நோய் வந்தாலும் அது ஏதோ ஒரு பல்லின் பக்கத்தில்தான் வந்து நிற்கும். போதாததற்கு ஆறாம் மாதத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்பு குறைகிறது. தாய்ப்பாலோடு சோறும் கஞ்சியும் தொடங்குகின்றன. பிள்ளை தவழத் தொடங்கி, முற்றத்து மண்ணைத் தொட்ட கையை வாய்க்குள் வைக்கிறது. முரசு கடுக்கும்போது இன்னும் அதிகமாக வைக்கிறது. இலங்கையின் அட்டவணைப்படி ஆறாம் மாதத் தடுப்பூசியும் அப்போதுதான். அதனாலும் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். இத்தனையையும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒரே காரணம் என்பதற்காகப் பல்லின் தலையில் பழியைப் போடுகிறோம்.

இந்தப் பழி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 மரணங்களுக்குப் பல் முளைத்தலே காரணம் என்று பதிந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கொன்றவை தொற்றுநோய்களும் வயிற்றோட்டமும்தான். வன்னியும் நீண்டகாலம் மலேரியாப் பூமியாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு காய்ச்சலைப் பல்லென்று விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது, சிறுநீர்த்தொற்று இருக்கிறது, நியூமோனியா இருக்கிறது. கைக்குழந்தையின் சிறுநீர்த்தொற்றுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளமே இல்லாமல் போகலாம்.

அப்படியானால் முரசு நோவுக்கு வீட்டில் என்ன செய்வது? மிக எளிய வேலைதான். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, நகம் வெட்டிய ஆள்காட்டி விரலில் சுத்தமான பருத்தித்துணியைச் சுற்றி, ஆறிய கொதிநீரில் நனைத்து, தடித்த முரசின்மேல் மெல்ல அழுத்தித் தேய்க்கவேண்டும். முதலில் தலையைத் திருப்பும் பிள்ளை கொஞ்ச நேரத்தில் தானே விரலைக் கடித்துப் பிடிக்கும். அந்த அழுத்தமே அதற்குத் தேவை. குளிரும் உதவும். குளிர்சாதனப்பெட்டி இருந்தால் ஈரத்துணியையோ கடிவளையத்தையோ கீழ்த்தட்டில் வைத்துக் கொடுக்கலாம். உறைய வைத்தால் முரசு புண்படும். பெட்டி இல்லாத வீட்டில், கொதிக்கவைத்து மண்பானையில் ஆறவிட்ட நீரில் நனைத்த துணி போதும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குக் குளிர்ந்த தயிர் கொஞ்சம் கொடுக்கலாம். கரட் துண்டையும் ரஸ்க்கையும் கடிக்கக் கொடுத்துவிட்டு அப்பால் போகக்கூடாது. உடைந்த துண்டு தொண்டையில் அடைக்கும். பால் குடிக்கும்போது கடித்தால், பாலூட்டுமுன் முரசைத் தேய்த்துவிட்டால் கடி குறையும். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. வீணியை அடிக்கடி ஒற்றி எடுத்தால் நாடியில் தோல் சிவக்காது. இவ்வளவும் செய்தும் பிள்ளை தூங்காவிட்டால் பரசிற்றமோல் பாணி கொடுக்கலாம். அளவை வயதைப் பார்த்து மதிப்பிடாமல், கிளினிக் கொப்பியில் கடைசியாகக் குறித்த நிறையைக் காட்டி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவதாகத் தேனைச் சொல்லவேண்டியிருக்கிறது. வன்னிக் காட்டுத்தேனில் நமக்குள்ள பெருமை நியாயமானது. ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் முரசில் ஒரு சொட்டும் தடவக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பக்ரீரியாவின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தலாம். கலப்படமற்ற தேனுக்கும் இது பொருந்தும். தேனோடு வெண்காரம் குழைத்துத் தடவுவது இன்னும் மோசம். மேற்குநாடுகளில் சூப்பியில் அந்தக் கலவையைத் தோய்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவர்கள் 1970களிலும் 80களிலும் பதிவுசெய்திருக்கிறார்கள். மருந்துக்கடைக் களிம்பும் தீர்வல்ல. விறைக்கச்செய்யும் பென்சொகெயின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கலாம் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைப் பாவிக்கவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் கண்டிப்பாகச் சொன்னது. சலிசிலேட் கலந்த வாய்க்களிம்புகளை 16 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கவேண்டாம் என்று பிரித்தானியா 2009இல் அறிவித்தது. ‘பல்லு மருந்து’ என்று பேர்போட்டு விற்றவற்றின் கதை முழுக்கவே இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் குழந்தைகளுக்குக் கொடுத்த பல்முளைப்புப் பொடியில் பாதரசம் இருந்தது. 2008இல் நைஜீரியாவில் ஒரு பல்லுப்பாணியில் நச்சுக்கரைப்பான் கலந்து 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். கழுத்தில் மணியோ நூலோ கட்டிக் கடிக்கவிடுவதும் வேண்டாம், தூக்கத்தில் இறுகும்.

அம்மம்மாமார் இத்தனை பிள்ளைகளை இப்படித்தானே வளர்த்தார்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதி சரியானது. தோளில் போட்டு உலாத்தியதும், விரலால் முரசு நீவியதும், இடைவிடாமல் பால் கொடுத்ததும் இன்றைய மருத்துவம் சொல்வதேதான். தேனையும் வெண்காரத்தையும் ‘பல்லுக் காய்ச்சல்’ என்ற எண்ணத்தையும் மட்டும் விட்டால் போதும். நூல் கட்ட விரும்புகிறவர்கள் கழுத்தை விட்டு வேறிடத்தில் கட்டட்டும். பல்லுக்கொழுக்கட்டையை ஒருவரும் கைவிடத் தேவையில்லை. அது சுற்றியிருப்போர் உண்பதற்கு, பிள்ளையின் வாய்க்கல்ல.

ஒட்டுசுட்டான் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிய குளக்கரைக் கிராமங்களிலிருந்து அந்த வீதிக்கு வருவதே இரவில் பெரும்பாடு. ஆகவே ‘காலையில் பார்ப்போம்’ என்ற ஒத்திவைப்புக்கு இங்கே விலை அதிகம். வெப்பமானி 38 பாகை செல்சியசைக் காட்டினாலோ, நீராக வயிற்றோட்டம் போனாலோ, பிள்ளை பாலை மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வேகமாக இழுத்தாலோ, பல்லை மறந்துவிடுங்கள். வயிற்றோட்டத்துக்கு, பால் கொடுப்பதை நிறுத்தாமல், ஆறிய கொதிநீரில் ஜீவனி உப்பைக் கரைத்துக் கொடுத்தபடி, அன்றைக்கே ஒட்டுசுட்டான் வைத்தியசாலைக்கோ முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்கும் காசில்லை, அரச வைத்தியசாலையிலும் காசில்லை.