போர் முடிந்து தோட்டம் திரும்பியவர்கள்

ஆங்கிலக் காதல் நாவல்களில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. போரில் காயம்பட்ட வீரன் தன் குடும்பத்தின் மாட்டுப் பண்ணைக்குத் திரும்புகிறான். அங்கே காதலும் ஆறுதலும் அவனைத் தேற்றுகின்றன. இத்தகைய வீரர்கள் நம் தோட்டங்களிலும் இருந்தனர்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாவில் பால்மரம் சீவிய இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தனர். சிரம்பானிலும் அப்படையின் முகாம் இருந்தது. 1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. பசியும் மலேரியாவும் பலரை வீழ்த்தின. 1945இல் போர் ஓய்ந்ததும் எஞ்சியோர் ஊர் திரும்பினர்.

நாவல் வீரனுக்குப் பண்ணை சொந்தம். தோட்டத்து வீரனுக்கோ நிலமும் இல்லை, லயத்து வீடும் சொந்தமில்லை. வேலை இருந்தால்தான் வீடு. விடியுமுன் பெரட்டில் நின்று, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி தூக்க உடலில் வலு வேண்டும். காலோ கையோ பழுதானால், மனைவி வெட்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அங்கே காதல் என்பது கணவனின் சுமையையும் சேர்த்துச் சுமப்பதே எனலாம்.

இப்படையின் வரலாற்றை அ. ரெங்கசாமி 'இமையத் தியாகம்' நாவலில் (2006) பதிவு செய்துள்ளார். ஆயினும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கதை உண்டு. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவ்வீரர்களின் பிள்ளைகளும் முதுமையை எட்டிவிட்டனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது மாணவர்களாகிய நம் கடமையாகும்.